எங்கள் தெருவுக்கு யார் பெயர் வைப்பது?

வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு நூம்பல் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் தெரு. யாராவது போனில் வழி கேட்டால் நாங்கள் தெருப் பெயரைச் சொல்வதில்லை. "மெயின் ரோட்டுலயே வாங்க, தண்ணி டேங்க் பக்கத்துல நில்லுங்க, நானே வந்து கூட்டிக்கிறேன்" என்போம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. சின்ன வயதிலேயே பெரியவர்களைப் பார்த்துப் பழகிவிட்டது.

எங்கள் தெருப் பையன்கள் சிலர் உணவு டெலிவரி வேலைக்குப் போகிறார்கள். போரூர், ஐயப்பன்தாங்கல், வானகரம் என்று எந்த அடுக்குமாடியில் எந்த பிளாக்குக்கு எந்த கேட் வழியாகப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தங்கள் வீட்டுக்கு ஒரு பொருள் வரவழைத்தால் மட்டும், அவர்களும் டேங்க் அடியில் நின்றுதான் வாங்கிக்கொள்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் கதவு எண்ணும் "நூம்பல்" என்பதும் இருக்கும். நடுவில் ஒரு வரி இருக்காது.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அந்த வரி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. எங்கள் பாட்டன்மார் காலத்தில் சேரி. பிறகு அரிசன காலனி. அதன் பிறகு ஆதிதிராவிடர் காலனி, சுருக்கமாக ஏ.டி. காலனி. ஊரார் வாயில் எப்போதும் வெறும் காலனி. இந்த நான்கில் ஒன்றுகூட எங்கள் தெருவில் உட்கார்ந்து நாங்கள் பேசி வைத்த பெயர் இல்லை.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின், "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெருக்கள், சாலைகள், குடியிருப்புகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை நீக்குவதற்கான அரசாணை வந்தது. அக்டோபர் 11 கிராம சபைகளில் இது ஒரு பொருளாகவே வைக்கப்பட்டது. பிறகு வழக்கு வந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கணக்கெடுப்பதும் கருத்துக் கேட்பதும் நடக்கட்டும், இறுதி முடிவு எடுக்க வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

இதை நாங்கள் வரவேற்கிறோமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஏன் என்பதைச் சொல்கிறோம்.

தெருவின் பெயரை உள்ளாட்சிகள் மாற்றுவது புதிய விஷயம் இல்லை. ஊர் வளரும்போது மாற்றுவார்கள். 2011இல் அம்பத்தூர் உள்பட 42 உள்ளாட்சிகளைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். அப்படிச் சேர்க்கும்போது ஒரே மாநகராட்சிக்குள் எத்தனை காந்தி தெரு, எத்தனை பிள்ளையார் கோயில் தெரு வரும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். குழப்பம் தீர எண்ணை மாற்றுவார்கள், பெயரை மாற்றுவார்கள். சென்னைக்காரர்களுக்குப் "பழைய எண், புதிய எண்" என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது பழகிப்போன ஒன்று. தலைவர்களைப் பெருமைப்படுத்த மாற்றுவார்கள். ஆட்சி மாறினால் மாற்றுவார்கள். பெயர் வைப்பதும் கதவிலக்கம் போடுவதும் உள்ளாட்சி மன்றத்தின் வேலை. இருக்கிற பெயரை மாற்றத் தீர்மானம் போட்டு அரசின் ஒப்புதலும் பெற வேண்டும் என்பது பழைய நகராட்சிச் சட்டக் காலத்து வழக்கம்.

பெயர்ப்பலகை சும்மா ஒரு தகரம் என்று நினைப்பவர்கள் எங்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலையையே பார்க்கலாம். நகருக்குள் அது ஈ.வெ.ரா. பெரியார் சாலை. 2021 ஏப்ரலில் அங்கே இருந்த பலகைகளில் "கிராண்ட் வெஸ்டர்ன் ட்ரங்க் ரோடு" என்று பழைய வெள்ளைக்காரன் காலத்துப் பெயரைப் பார்த்ததும் எத்தனை கட்சிகள் கொதித்தன, எத்தனை பேர் கறுப்பு மையோடு கிளம்பினார்கள்! சரியான கோபம்தான். அந்தச் சாலையிலிருந்து பிரிந்து எங்கள் தெருவுக்குள் வந்தால் அங்கேயும் ஒரு பலகை இருந்தது. அதில் எழுதியிருந்ததைப் பார்த்து ஒருவரும் மை எடுத்துவரவில்லை.

சாதிப் பெயர் நீக்கமும் புதிதல்ல. 1970களின் இறுதியில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தெருப் பெயர்களில் உள்ள சாதிப் பட்டத்தை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலை ஜி.என். சாலை ஆனது அப்படித்தான். செட்டி போனது, ஜி.என். இருந்தார். மனிதருக்குப் பெயர் மிஞ்சியது, தெருவுக்கு மதிப்பு மிஞ்சியது. இன்றைக்கும் ஆட்டோவில் ஏறினால் செட்டியையும் சேர்த்தே சொல்கிறோம், யாருக்கும் கூச்சம் இல்லை.

அதே 1978இல் தமிழ்நாடு சட்டமன்றம் இன்னொரு வேலையும் செய்தது. எங்களுக்கு வீட்டுமனை கொடுப்பதற்காக நிலம் எடுக்க ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர், தமிழ்நாடு அரிசன நலத் திட்டங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டம். சட்டம் நல்ல சட்டம். அதனால் மனை கிடைத்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் பாருங்கள், செட்டியும் முதலியும் பலகையிலிருந்து இறங்கிய அதே காலத்தில், அரிசன் எங்கள் வீட்டுமனைச் சட்டத்தின் நெற்றியில் ஏறி உட்கார்ந்தார். சாதிச் சான்றிதழில் அரிசன் என்று எழுதாதீர்கள் என்று 1982இல் ஒன்றிய உள்துறையே மாநிலங்களுக்குச் சொன்னது. சான்றிதழில் போனது, தெருவில் போகவில்லை.

பெருமைக்காக ஒட்டிக்கொண்ட சாதி வேறு, அவமானத்துக்காக ஒட்டிவைத்த சாதி வேறு. முதல் வகையை எடுத்தால் ஒருவருக்குப் பட்டம் குறையும். இரண்டாவது வகையை எடுக்கும்போதுதான் ஒருவர் தன் முகவரியை முழுதாக எழுத முடியும். ஒரே அரசாணை இரண்டையும் "சாதிப் பெயர்" என்று ஒரே பட்டியலில் வைக்கிறது. "எங்கள் தெருப் பெயர் போனால் எங்கள் வரலாறு போய்விடும்" என்று வருத்தப்படுகிறவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: உங்கள் வரலாறு கல்வெட்டிலும் கோயில் மண்டபத்திலும் பட்டாவிலும் பத்திரமாக இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பலகை வேலையைக் கெடுத்திருக்கிறது.

எப்படி என்று கேட்டால், சொல்வதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு. எங்களில் ஒருவர் கணக்கர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனார். விண்ணப்பத்தைப் புரட்டிய மேலாளர் கணக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "காலனின்னா எந்தக் காலனி?" என்று கேட்டார். கேள்வி சாதாரணமாகத்தான் இருந்தது. அம்பத்தூர்ப் பக்கம் ஐ.சி.எஃப். காலனி இருக்கிறது, சென்னையில் தடுக்கி விழுந்தால் பேங்க் காலனி இருக்கிறது. அங்கே இருப்பவர்களிடம் யாரும் "எந்தக் காலனி" என்று அந்தக் குரலில் கேட்பதில்லை. வேலை கிடைக்கவில்லை. முகவரிதான் காரணம் என்று எங்களால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடி நடப்பதுதான் இதன் சௌகரியமே. இருசக்கர வண்டிக்குக் கடன் கேட்டுப் போன இன்னொருவரிடம், ஒரு நிதி நிறுவனத்தின் ஆள் "அந்த ஏரியாவுக்கு நாங்க பண்றதில்லண்ணா" என்று நேராகவே சொல்லிவிட்டார். அவரிடம் கோபப்படவும் முடியவில்லை. அவருக்குக் கொடுத்திருந்த பட்டியலில் அப்படி இருந்தது.

ஆகவே பெயர் போகட்டும். அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. மகாராஷ்டிராவில் 2020 டிசம்பரிலேயே மகார்வாடா, மாங்வாடா போன்ற பெயர்களை நீக்கிவிட்டு சமதா நகர், பீம் நகர், கிராந்தி நகர் என்று வைக்க அமைச்சரவை முடிவெடுத்தது. கேரளத்தில் 2024 ஜூனில், அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் பதவி விலகும் நாளில் போட்ட உத்தரவு, "காலனி" என்ற சொல்லை நீக்கியது. நாம் தாமதமாகத்தான் வந்திருக்கிறோம்.

அடுத்த கேள்விதான் முக்கியம். என்ன பெயர்? யார் வைப்பது?

அரசாணைச் செய்தி வந்த வாரத்தில் ஒரு ஞாயிறு மாலை தெருவில் உட்கார்ந்து பேசினோம். இளைஞர்கள் எடுத்த எடுப்பில் "அம்பேத்கர் நகர்" என்றார்கள். ஒரு பெரியவர், "வைங்கப்பா, ஆனா அதுவும் காலனின்னு அடுத்த நாளே தெரிஞ்சுடும்" என்றார். சொன்னது உண்மை. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் அம்பேத்கர் நகர் எங்கே என்று கேட்டால் ஊருக்கு வெளியேதான் கை காட்டுவார்கள். உலகத்துக்கே சட்டம் படித்துக் காட்டியவரின் பெயரை இந்த ஊர் எங்கள் தெருவுக்கான குறிச்சொல்லாக ஆக்கிவைத்திருக்கிறது. இரண்டு பெண்கள், "பூ பேரு எதுனா வச்சா பிள்ளைங்களுக்கு லோன் கிடைக்கும், வேலை கிடைக்கும். மல்லிகைத் தெருன்னா யாருக்கு என்னா தெரியும்?" என்றார்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை, "அப்ப நாம இன்னும் ஒளிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கணுமா அக்கா?" என்று கேட்டாள். கேட்ட இருவரும் கோபப்படவில்லை. "நீ வேலைக்குப் போய்ப் பாரு, அப்புறம் பேசலாம்" என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. எங்களால் அன்றைக்கு முடிவு செய்ய முடியவில்லை.

அப்போது ஒரு பெயர் பேச்சில் வந்தது. எம்.சி. ராஜா. இங்கிருந்து வெகுதூரம் இல்லாத பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போனவர். பறையர், பஞ்சமர் என்று அரசு ஆவணங்களில் எழுதுவதை நிறுத்தி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என அவர் போராடியதன் பலனாகத்தான் 1922இல் அரசு அந்த மாற்றத்தைச் செய்தது. அவருக்கு முன்பே அயோத்திதாசப் பண்டிதர் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது எங்களை ஆதித்தமிழர் என்று பதியச் சொல்லிக் கேட்டார். அரசுப் பதிவேட்டில் எங்கள் பெயரை நாங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. பெயர் மாற்றம் யாரோ இன்று எங்களுக்குத் தரும் பரிசு இல்லை, எங்கள் முன்னோர் தொடங்கிவைத்த வேலை. அதனால்தான் "ஆதிதிராவிடர்" என்ற சொல்லின் மேல் எங்களுக்கு வெறுப்பும் இல்லை. அது எங்கள் தலைவர்கள் தலைநிமிரத் தேர்ந்தெடுத்த சொல். அதைத் தெரு முனையில் மாட்டி எச்சரிக்கைப் பலகையாக்கியதுதான் தப்பு.

சேரி என்ற சொல்லுக்கும் இதே கதைதான். பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். வேளச்சேரியில் சேரி இருக்கிறது. அங்கே ஒரு சதுர அடி என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். சொல்லில் தீட்டு இல்லை, சொல்கிறவரிடம் இருக்கிறது. ஆகவே சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நாங்களும் நம்பவில்லை.

எல்லாரும் பேசி முடித்த பிறகு எங்கள் தெருவின் மூத்தவர், எல்லாருக்கும் ஆயா, வாயைத் திறந்தார். "பேர மாத்துங்கடா, நான் வேணாங்கல. எங்க ஊட்டுக்காரு பேருல இருக்குற பட்டா என் பேருக்கு எப்ப மாறும்? அத்த கேட்டுச் சொல்லு."

அவர் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு கலைந்திருப்போம். ஆனால் அவர் உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்துவந்தார். பட்டாவில் அரிசன காலனி. குடும்ப அட்டையில் ஏ.டி. காலனி. மின்கட்டண அட்டையில் காலனி இரண்டாவது தெரு. கணவரின் இறப்புச் சான்றில் வெறும் நூம்பல் கிராமம். வாக்காளர் அட்டையில் தெருப் பெயரே இல்லை, கதவு எண் வேறு. பட்டாவை மாற்றக் கேட்டுப் போன அலுவலகத்தில், "இது எல்லாம் ஒரே வீடுதான்னு எழுதி வாங்கிட்டு வா பாட்டி" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். யாரிடம் எழுதி வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் நான்கு வருடமாக நடக்கிறார்.

ஒரே வீட்டுக்கு ஐந்து முகவரி. இப்போது ஆறாவது வரப்போகிறது.

இந்த இடத்தில் நிலத்தைப் பற்றிப் பேசாமல் பெயரைப் பற்றிப் பேச முடியாது. நூம்பல் உள்பட இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் பிரிந்தது. அந்தச் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது. குடியிருக்கும் மனைகூட எங்கள் மக்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம் என்ற நிலையை அந்த அறிக்கை பதிவு செய்தது. 130 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று ஆயாவை யாரும் வெளியேற்றவில்லை. ஆனால் அவர் கையில் இருக்கும் காகிதம் இன்னும் அவர் பெயருக்கு வரவில்லை. சுற்றிலும் மனைப்பிரிவுகள் வந்துவிட்டன. ஆவடி மாநகராட்சியோடு திருவேற்காட்டையும் பூந்தமல்லியையும் சேர்க்கும் பேச்சும் நடக்கிறது. நிலத்தின் விலை ஏற ஏற, சரியில்லாத காகிதம் ஆபத்தாகும்.

எனவே எங்கள் கோரிக்கைகளை எழுதி வைத்திருக்கிறோம். பகுதி சபை கூடும்போது கொடுப்போம். மற்ற தெருக்காரர்களுக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறோம்.

ஒன்று. பெயரை அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் தீர்மானிக்க வேண்டும். மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றுதான் அரசும் சொல்கிறது. கேட்பது என்றால் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவதல்ல. வேலைக்குப் போகும் பெண்கள் வரக்கூடிய மாலை நேரத்தில் தெருவுக்கு வந்து உட்கார்ந்து கேட்பது. பூப் பெயர்தான் வேண்டும் என்று ஒரு தெரு சொன்னால் அதுவும் அவர்கள் உரிமை.

இரண்டு. பெயர் மாறும் அன்றே, "இந்தப் பழைய பெயர்கள் எல்லாம் இந்தப் புதிய பெயரையே குறிக்கும்" என்று வீட்டுக்கு வீடு ஒரு சான்று, கட்டணமில்லாமல், உள்ளாட்சியே தர வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, மின் இணைப்பு, சொத்து வரி எல்லாவற்றையும் மாற்ற முகாம் தெருவிலேயே நடக்க வேண்டும். அரசு மாற்றிய பெயருக்காக எங்கள் ஆட்கள் ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கக் கூடாது.

மூன்று. பெயர் மாற்றத்தோடு பட்டாவையும் சரி செய்ய வேண்டும். தெருப் பெயர் மாறினால் பட்டா செல்லாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அதை நம்ப வேண்டாம். நிலத்துக்கு அடையாளம் புல எண்ணும் எல்லைகளும்தான், தெருப் பெயர் அல்ல. ஆனால் அதே முகாமில் வாரிசுப் பெயர் மாற்றத்தையும் முடித்துக் கொடுக்கலாம் அல்லவா?

நான்கு. பெயரை எடுத்தபின் "இங்கே ஆதிதிராவிடர் குடியிருப்பே இல்லை" என்று நிதியையும் எடுத்துவிடக் கூடாது. 2023இல் அறிவித்த அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம் ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்றது. அந்தப் பணம் எந்தத் தெருவுக்கு என்று கண்டுபிடிக்கப் பட்டியல் வேண்டும்தான். பட்டியல் துறையின் அலமாரியில் இருக்கட்டும். எங்கள் வாசலில் வேண்டாம்.

பெயரை இன்னும் முடிவு செய்யவில்லை. எம்.சி. ராஜா தெரு, மீனாம்பாள் சிவராஜ் தெரு, அம்பேத்கர் தெரு என்று மூன்றும், கூடவே மல்லிகைத் தெருவும் பட்டியலில் இருக்கின்றன. தங்கைக்கும் அந்த அக்காமாருக்கும் இன்னும் வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடட்டும். இந்தத் தெருவுக்கு என்ன பெயர் என்று இந்தத் தெரு சண்டை போடுவது இதுதான் முதல் தடவை.

அதற்கிடையில் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டோம். ஒவ்வொரு வீடாகப் போய், அந்த வீட்டின் எல்லா ஆவணங்களிலும் உள்ள எல்லா முகவரிகளையும் ஒரே தாளில் எழுதி, நகல் எடுத்து, குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கி வைக்கிறோம். இதுவரை பதினொரு வீடு முடிந்திருக்கிறது. முதல் வீடு ஆயாவுடையது. உங்கள் தெருவிலும் இதைச் செய்யுங்கள். நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஜெராக்ஸ் கடையும் போதும்.

ஜெய் பீம்.